ஒரே அட்டை இருந்தால் போதுமா? ரயில், மெட்ரோ, பேருந்து இணைப்பை எதை வைத்து எடைபோடுவது?

#1 பாதசாரி

வணக்கம். நான் இருக்கும் நகரத்தில் பொதுப் போக்குவரத்தை ஒருங்கிணைக்க ஒரு வரைவுத் திட்டம் வெளியிட்டு, மக்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். முழுவதும் படித்தேன். முக்கால்வாசிப் பக்கங்கள் ஒரே பயண அட்டையையும் ஒரே செயலியையும் பற்றியவை. மீதியில் புதிதாகக் கட்டப்போகும் முனையத்தின் வண்ணப் படங்கள். ரயிலை விட்டு இறங்கியவருக்கு அடுத்த பேருந்து எத்தனை நிமிடத்தில் கிடைக்கும் என்று எந்த இடத்திலும் இல்லை. ரயிலிலிருந்து பேருந்துக்கு மாறினால் மறுபடியும் முதலிலிருந்து காசு கட்ட வேண்டுமா என்பதற்கும் பதில் இல்லை.

நகரத்தின் பெயரைச் சொன்னால் பேச்சு உள்ளூர் அரசியலுக்குள் போய்விடும் என்பதால் சொல்லவில்லை. கேள்வி எந்த நகரத்துக்கும் பொருந்தும்: ரயில், மெட்ரோ, பேருந்து எல்லாம் ஒன்றுக்கொன்று கைகொடுத்து ஓடுகின்றனவா என்பதை எதை வைத்துச் சொல்வீர்கள்? வெவ்வேறு நகரங்களில் வாழ்ந்தவர்களும் இந்தத் துறையில் வேலை பார்ப்பவர்களும் இங்கே நிறையப் பேர். நீங்கள் சொல்வதை வைத்துத்தான் கருத்துக் கடிதம் எழுதப் போகிறேன்.

#2 தடம்மாறி

முதலில் அட்டையையும் கட்டணத்தையும் பிரித்துப் பாருங்கள். அட்டை என்பது காசு கட்டும் கருவி, அவ்வளவுதான். எல்லா வண்டியிலும் ஒரே அட்டை செல்லும் என்பதால் கட்டணம் ஒன்றாகிவிடாது.

லண்டனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்ஸ்டர் அட்டை 2003-இல் வந்தது. 2014-இலிருந்து சுரங்க ரயிலிலும் வங்கி அட்டையையே தட்டிவிட்டுப் போகலாம். தொழில்நுட்பத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஒரு பேருந்திலிருந்து இன்னொரு பேருந்துக்கு இலவசமாக மாறும் வசதி 2016 செப்டம்பரில்தான் வந்தது. அதுவும் ஒரு மாறுதல் மட்டும். ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆனது 2018 ஜனவரியில். இன்றும் பேருந்தில் போய்ச் சுரங்க ரயில் ஏறினால் இரண்டு கட்டணம் தனித்தனியாக விழும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு இருப்பதால் ஓரளவு தாங்கலாம்.

வாடகை குறைவு என்று ரயில் நிலையத்திலிருந்து தள்ளிக் குடியிருப்பவர்தான் முதலில் பேருந்து ஏறி, பிறகு ரயில் ஏறுகிறார். மாறுதலுக்குக் கட்டணம் வைத்தால் அது அவர் தலையில்தான் விழுகிறது. நிலையத்தின் பக்கத்திலேயே வீடு வாங்கக்கூடியவருக்கு அந்தச் செலவே இல்லை. கடிதத்தில் இதைக் கட்டாயம் எழுதுங்கள்.

#3 மேம்பாலம்

தடம்மாறி சொன்னதற்கு டோக்கியோ இன்னும் பெரிய உதாரணம். தண்டவாள அளவில் அங்கே இருக்கும் இணைப்புக்கு ஈடு கிடையாது. 1960-இல் அசாகுசா வழித்தடத்தில் ஆரம்பித்து, புறநகர்த் தனியார் ரயில்கள் நேராகச் சுரங்கப் பாதைக்குள் நுழைந்து நகரத்தின் மறுபக்கம் வரை ஓடுகின்றன. பயணி இருக்கையை விட்டு எழ வேண்டியதே இல்லை. ஆனால் வண்டி ஒரு நிறுவனத்தின் தடத்திலிருந்து அடுத்த நிறுவனத்தின் தடத்துக்குப் போனதும் அங்கே புதிய கட்டணம் ஆரம்பம். நகருக்குள்ளேயே சுரங்க ரயிலை இரண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் சிறு தள்ளுபடி மட்டும் உண்டு.

பாரிஸில் மாதப் பாஸ் வைத்திருப்பவருக்கு எல்லாம் ஒன்று. எப்போதாவது போகிறவருக்கு மெட்ரோ டிக்கெட் தனி, பேருந்து டிக்கெட் தனி. ஆகவே "எங்கள் நகரத்தில் எல்லாம் இணைந்திருக்கிறது" என்று யாராவது சொன்னால், பாஸ் வாங்கியவருக்கா, இன்று ஒருநாள் மட்டும் போகிறவருக்கா என்று கேட்க வேண்டும்.

மாறாகச் சிங்கப்பூரில் 2010 ஜூலையிலிருந்து போன தூரத்துக்குத்தான் கட்டணம். நடுவில் பேருந்து, ரயில், மறுபடி பேருந்து என்று ஐந்து முறை வரை மாறினாலும் ஒரே பயணமாகக் கணக்காகும். மாறுவதற்கு ஒவ்வொரு முறையும் 45 நிமிட அவகாசம், மொத்தப் பயணத்துக்கு 2 மணி நேரம். வழியில் இறங்கி மருந்து வாங்கிக்கொண்டு அடுத்த வண்டி ஏறலாம்.

#4 அட்டவணைக்காரன்

ஒரு பேருந்து நிறுவனத்தில் டைம்டேபிள் போடும் பிரிவில் வேலை. கட்டணத்தைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் கட்டணத்தை இலவசமாகவே ஆக்கினாலும், இறங்கிய இடத்தில் இருபது நிமிடம் நிற்க வைத்தால் சொந்த வண்டி வாங்க முடிந்தவர் வாங்கிவிடுவார். ஒரு நிமிடக் காத்திருப்பை வண்டிக்குள் உட்கார்ந்து போகும் இரண்டு நிமிடத்துக்குச் சமமாக வைத்துத்தான் நாங்கள் கணக்குப் போடுவோம். நிழலோ வெளிச்சமோ இல்லாத நிறுத்தம் என்றால் அதற்கும் மேலே.

அறிக்கைகளில் வராத ஒரு விஷயம் இருக்கிறது. ரயில் 10 நிமிடத்துக்கு ஒன்று, நிலையத்திலிருந்து கிளம்பும் பேருந்து 15 நிமிடத்துக்கு ஒன்று என்று வையுங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். இப்போது நிமிடம் நிமிடமாகப் பாருங்கள். ரயில் வருவது 00, 10, 20. பேருந்து கிளம்புவது 05, 20, 35. பிளாட்பாரத்திலிருந்து நிறுத்தத்துக்கு 4 நிமிட நடை. 00 ரயிலில் வந்தவர் ஒரு நிமிடத்தில் பேருந்து ஏறிவிடுகிறார். 10 ரயிலில் வந்தவர் 14-க்கு நிறுத்தத்தில் இருக்கிறார், 20 வரை நிற்கிறார். 20 ரயிலில் வந்தவர் மேலே ஏறி வருவதற்குள் பேருந்து போய்விட்டது, 35 வரை நிற்க வேண்டும். மூன்று ரயில், மூன்று விதமான அனுபவம். தினமும் ஒரே நேரத்துக்குக் கிளம்பாதவருக்கு எதுவும் மனதில் நிற்காது.

அதே தடத்தில் பேருந்தை 20 நிமிடத்துக்கு ஒன்றாகக் குறைத்து, 05, 25, 45 என்று வைத்தால் ஒன்று விட்டு ஒரு ரயிலுக்கு எப்போதும் பேருந்து தயாராக நிற்கும். எந்த ரயிலில் வர வேண்டும் என்று பயணிகள் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள். போய்த் திரும்ப ஒரு மணி நேரம் ஆகும் தடமென்றால் 4 பேருந்துக்குப் பதில் 3 போதும். மிச்சமாகும் ஒரு பேருந்தோடு இன்னும் இரண்டு சேர்த்து 10 நிமிடத்துக்கு ஒன்று விட்டால் எல்லா ரயிலுக்கும் பேருந்து உண்டு. 15 என்ற எண்ணை யாரும் யோசித்து வைப்பதில்லை. பேருந்துப் பிரிவில் பழைய வழக்கம் அது. ரயிலின் டைம்டேபிள் மாறியது அவர்களுக்குச் சொல்லப்பட்டே இருக்காது.

இதை ஒரு நாடு முழுக்கச் செய்தது சுவிட்சர்லாந்து. 1982-இல் நாடெங்கும் மணிக்கு ஒரு ரயில் என்ற சீரான அட்டவணை வந்தது. பிறகு 'ரயில் 2000' திட்டம், 1987-இல் பொதுவாக்கெடுப்பில் நிறைவேறி 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. பெரிய நிலையங்களில் எல்லாத் திசை ரயில்களும் 8 மணி, 9 மணி என்று முழு மணி ஆவதற்குச் சற்று முன் வந்து, சற்றுப் பின் கிளம்ப வேண்டும். அப்படியென்றால் இரண்டு பெரிய நிலையங்களுக்கு இடையே பயண நேரம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தாக வேண்டும். பெர்னுக்கும் சூரிக்குக்கும் இடையே அப்போது அப்படி இல்லை. அதற்காகவே புதுத் தடம் போட்டு 56 நிமிடமாக்கினார்கள். அதற்கு மேல் வேகம் தேவையில்லை என்று நிறுத்தியும் கொண்டார்கள். டைம்டேபிளை முதலில் எழுதி, அதற்கு என்ன கட்ட வேண்டுமோ அதை மட்டும் கட்டினார்கள். நம்மில் பலரும் பார்த்திருப்பது நேர்மாறானது: முதலில் கட்டிடம், கடைசியில் டைம்டேபிள்.

#5 நேர்வழி

எனக்கு அடிப்படையிலேயே ஒரு கேள்வி. பயணியை ஏன் மாற வைக்க வேண்டும்? வீட்டுப் பக்கத்தில் ஏறி வேலைக்குப் பக்கத்தில் இறங்கும் பேருந்துதான் எல்லோரும் விரும்புவது. மெட்ரோ வந்ததும், அதில் கூட்டம் சேர்க்க வேண்டும் என்று நன்றாக ஓடிக்கொண்டிருந்த நேர்ப் பேருந்துகளை நிலையத்தோடு வெட்டிவிடுகிறார்கள். அதற்கு ஒருங்கிணைப்பு என்று பெயரும் வைக்கிறார்கள். வயதானவர்கள், பை சுமந்து வருபவர்கள், குழந்தையோடு வருபவர்கள் படும் பாடு யாருக்கும் தெரிவதில்லை.

சிலியின் சாந்தியாகோவில் நடந்ததைப் பாருங்கள். 2007 பிப்ரவரியில் நகரம் முழுவதும் பேருந்துத் தடங்களை ஒரே நாளில் மாற்றினார்கள். நேர்த் தடங்கள் போய், கிளைத் தடம், முதன்மைத் தடம், மெட்ரோ என்று ஆனது. மெட்ரோவில் மூச்சு விட முடியாத நெரிசல். நிறுத்தங்களில் முடிவில்லாத வரிசை. அதிபர் மிச்செல் பாச்லெட் மக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. காகிதத்தில் அது அருமையான ஒருங்கிணைப்புத் திட்டம்தான்.

#6 அட்டவணைக்காரன்

நேர்வழி, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் எல்லா இடத்திலிருந்தும் எல்லா இடத்துக்கும் நேர்ப் பேருந்து என்பது கணக்கில் நிற்காது. நகரத்தில் பத்துப் பகுதிகள் என்றால் 45 ஜோடிகள். 45 தடங்களில் இருக்கிற பேருந்துகளைப் பரப்பினால் ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்துக்கு ஒன்றுதான் வரும். அதே பேருந்துகளைப் பத்துத் தடங்களில், நடுவில் ஒரு மாறுமிடத்தோடு ஓட்டினால் தோராயமாக 10 நிமிடத்துக்கு ஒன்று விடலாம். நேர்ப் பேருந்துக்குச் சராசரியாக 22 நிமிடம் நிற்பவர், மாறிப் போனால் இரண்டு இடத்திலும் சேர்த்து 10 நிமிடம்தான் நிற்பார்.

சாந்தியாகோ கவிழ்ந்ததற்கு மாற வைத்தது மட்டும் காரணமில்லை. போதுமான பேருந்துகள் இல்லை. தனித்தடங்களும் முன்கூட்டியே கட்டணம் வாங்கும் நிறுத்தங்களும் கட்டி முடிக்கப்படவில்லை. பேருந்துகளைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு அமைப்பும் தயாராகவில்லை. இத்தனையும் இல்லாமல் பழைய தடங்களை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

சியோல் 2004 ஜூலை 1 அன்று ஏறக்குறைய இதே அளவு மாற்றத்தைச் செய்தது. முதல் நாள் அட்டைக் கருவிகள் பழுதாகி அங்கேயும் குழப்பம்தான். ஆனால் சாலையின் நடுவே பேருந்துக்கான தனித்தடங்கள் கூடவே வந்தன. கட்டணம் மொத்தத் தூரத்துக்கு என்று ஆனது. இறங்கி 30 நிமிடத்துக்குள் மாறினால் புதுக் கட்டணம் இல்லை. நீலம் என்றால் முதன்மைத் தடம், பச்சை என்றால் கிளைத் தடம் என்று பேருந்தின் நிறத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஒரு பேருந்தை வெட்டுவதற்கு முன் அதற்கு ஈடான இணைப்பு ஓடத் தொடங்கியிருக்க வேண்டும் என்று கடிதத்தில் கேளுங்கள். அந்த வரிசை மாறினால் நேர்வழி சொல்வதுதான் நடக்கும்.

#7 நேர்வழி

அந்த வரிசை உறுதியாக எழுதப்பட்டால் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. ஆனால் மருத்துவமனைக்குப் போகும் நேர்த் தடங்களுக்கு விலக்கு கேட்பேன். நோயாளியை நடுவழியில் இறக்கி ஏற்றும் இணைப்பு எவ்வளவு அடிக்கடி வந்தாலும் எனக்குச் சம்மதமில்லை.

#8 இரவுப்பணி

நான் செவிலியர். பகலில் நடக்கும் இணைப்பைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறீர்கள்.

எங்கள் தடத்தில் கடைசி ரயில் 11:38-க்கு வரும். நிலையத்திலிருந்து கடைசிப் பேருந்து 11:35-க்குக் கிளம்பிவிடும். மூன்று நிமிடம். ரயில் நிலையத்துக்குள் நுழையும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால் பேருந்து வளைந்து சாலைக்குப் போவது தெரியும். ஓட்டுநர் மேல் தப்பில்லை, அவர் தாளில் 11:35 என்றுதான் இருக்கிறது. ரயில்காரர்களும் நேரத்துக்குத்தான் வந்தார்கள். ஆகவே இரண்டு நிறுவனங்களின் பதிவேட்டிலும் அன்று குறை எதுவும் இருக்காது. இறங்கி நின்றுகொண்டிருக்கும் நாங்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

எத்தனை வண்டி நேரத்துக்கு ஓடியது என்பதை எண்ணுகிறார்கள். எத்தனை பேருக்கு அடுத்த வண்டி கிடைத்தது என்பதையும் எண்ண வேண்டும். கடைசி ரயில் வரும்வரை, அது தாமதமானாலும், கடைசிப் பேருந்து காத்திருக்க வேண்டும் என்ற விதியும், அதை ஓட்டுநருக்குச் சொல்ல ஒரு கட்டுப்பாட்டு அறையும் இருந்தால் போதும். இதற்குக் கட்டிடம் வேண்டாம், புது அட்டையும் வேண்டாம்.

#9 சக்கரம்

என் தங்கை சக்கர நாற்காலியில் பயணிப்பவள். மாறுமிடம் என்றால் நாங்கள் பார்ப்பது தூரமும் ஏற்ற இறக்கமும். வரைபடத்தில் இரண்டு தடங்களும் ஒரே புள்ளியில் சந்திக்கும். நேரில் போனால் ஒரு லிஃப்டில் மேலே, நடைபாதையில் தெருவைக் கடந்து, வேறொரு லிஃப்டில் கீழே. அந்த இரண்டாவது லிஃப்ட் பழுது என்பது அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும். படியேற முடிந்தவருக்கு 4 நிமிட மாறுதல், எங்களுக்கு அன்றைய பயணமே முடிந்துவிட்டது.

நன்றாகச் செய்த இடங்களும் உண்டு. சிங்கப்பூரில் சிட்டி ஹால், ராஃபிள்ஸ் பிளேஸ் இரண்டும் அடுத்தடுத்த நிலையங்கள், இரண்டிலும் அதே இரண்டு தடங்கள் சந்திக்கின்றன. சில திசைகளுக்கு மாற ஒன்றில் இறங்க வேண்டும், மற்றத் திசைகளுக்கு அடுத்ததில். எதில் இறங்கினாலும் எதிர்ப்பக்கப் பிளாட்பாரத்துக்குச் சில அடி நடந்தால் போதும். படி கிடையாது. இந்த வசதியை நிலையம் கட்டும்போதே நினைத்திருக்க வேண்டும், பின்னால் ஒட்டவைக்க முடியாது.

பேருந்துக்கும் இப்படிச் செய்யலாம். டொராண்டோவின் பல சுரங்க ரயில் நிலையங்களில் பேருந்து கட்டண கேட்டுக்கு உள்ளேயே வந்து நிற்கிறது. மேலே வந்தால் கூரையின் கீழ் பேருந்து. மறுபடி அட்டை தட்டுவது இல்லை, மழையில் நனைவதும் இல்லை.

#10 கணக்குப்பிள்ளை

இவ்வளவும் தெரிந்த விஷயங்கள்தான். பிறகு ஏன் பல நகரங்களில் நடப்பதில்லை? பணம் யாருக்குப் போகிறது என்பதில்தான் முடிச்சு இருக்கிறது.

பேருந்து நிறுவனம் தன் டிக்கெட் வருமானத்தை வைத்துத்தான் டீசலும் சம்பளமும் பார்க்க வேண்டும் என்றால், மெட்ரோ அதற்குப் போட்டியாளர். தன் பயணியை நிலைய வாசலில் இறக்கிவிடுவது நஷ்டம். எனவே மெட்ரோவுக்கு இணையாகவே நீண்ட தூரம் ஓட்டப் பார்க்கும். மேலதிகாரி எவ்வளவு கூட்டம் போட்டுப் பேசினாலும் இது மாறாது. கல்லாப்பெட்டி தனித்தனியாக இருக்கும்வரை இந்த மனநிலையும் இருக்கும்.

இதற்கு வழி கண்டது 1965-இல் ஹாம்பர்க். நகரில் ரயில், பேருந்து நடத்திய நிறுவனங்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து, பொதுக் கட்டணம், பொது அட்டவணை, வருமானத்தை ஒரே இடத்தில் சேர்த்துப் பங்கிடுவது என்று ஒப்பந்தம் போட்டன. உலகின் முதல் போக்குவரத்துக் கூட்டமைப்பு என்று அதைச் சொல்வார்கள். நிறுவனங்கள் தனித்தனியாகவே இருந்தன, பயணிக்கு மட்டும் ஒன்றாகத் தெரிந்தன. சூரிக்கில் 1990-இல் தொடங்கிய கூட்டமைப்பின் டிக்கெட், அது செல்லும் மண்டலங்களுக்குள் ரயில், டிராம், பேருந்து, ஏரிப் படகு எல்லாவற்றுக்கும் செல்லும்.

சியோலில் 2004-க்குப் பிறகு தனியார் பேருந்துகளுக்கு ஓடிய கிலோமீட்டரை வைத்துப் பணம். சிங்கப்பூரில் 2016-இலிருந்து பேருந்துக் கட்டண வருமானம் அரசுக்கு, நடத்துபவருக்கு ஒப்பந்தத் தொகை. இப்படி ஆனதும் எந்தத் தடத்தில் யார் ஏறினால் என்ன, பயணியை அடுத்த வண்டிக்கு ஒப்படைப்பதில் யாருக்கும் இழப்பு இல்லை.

பாதசாரி, உங்கள் வரைவில் ஒருங்கிணைப்பு ஆணையம் என்று ஒன்று இருக்கும். அதற்கு ஆலோசனை சொல்லும் அதிகாரமா, கட்டணத்தையும் தடங்களையும் பட்ஜெட்டையும் தீர்மானிக்கும் அதிகாரமா என்று தேடிப் பாருங்கள்.

#11 பாதசாரி

தேடினேன். "பரிந்துரைக்கலாம்" என்றுதான் இருக்கிறது. பேருந்து வருமானம் பேருந்து நிறுவனத்துக்கே, மெட்ரோ வருமானம் மெட்ரோவுக்கே.

எல்லோருக்கும் மிக்க நன்றி. நான் கேட்கப் போவது இவை: மாறுதலுக்குப் புதிய அடிப்படைக் கட்டணம் கூடாது. ஆணையத்துக்குத் தடமும் கட்டணமும் தீர்மானிக்கும் அதிகாரம் வேண்டும், வருமானத்தை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு நிலையத்துக்கும் ரயில், பேருந்து நேரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட வேண்டும். மாற்று இணைப்பு ஓடத் தொடங்கும்முன் நேர்ப் பேருந்தை நிறுத்தக் கூடாது. லிஃப்ட் பழுதைச் செயலியில் அந்த நேரத்திலேயே காட்ட வேண்டும்.

#12 மேம்பாலம்

மிதிவண்டியை விட்டுவிட்டோமே. நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பான பாதையும் பூட்டி வைக்க இடமும் தந்தால் கிளைப் பேருந்துகளின் பாரம் குறையும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நிலையத்தின் கீழே 12,500 மிதிவண்டிகள் நிறுத்தலாம். அந்த அளவு எல்லா இடத்திலும் தேவையில்லை. கூரையும் காவலும் இருந்தால் போதும்.

#13 அட்டவணைக்காரன்

நேரங்களைப் பக்கத்தில் வைத்து வெளியிடுவது நல்ல கோரிக்கை. அதைப் பொதுத் தரவாகவே கேளுங்கள். 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கிய GTFS என்ற தரவு வடிவத்தைத்தான் இன்று உலகெங்கும் அட்டவணைக்குப் பயன்படுத்துகிறார்கள். அந்த வடிவத்தில் கொடுத்துவிட்டால் எந்த நிலையத்தில் இணைப்பு அறுகிறது என்பதை உங்களைப் போன்றவர்களே கண்டுபிடித்துவிடலாம். அட்டை தட்டும் பதிவிலிருந்து, ரயிலில் இறங்கியவர் எத்தனை நிமிடம் கழித்துப் பேருந்தில் ஏறினார் என்ற விவரத்தையும், தனிநபர் அடையாளம் இல்லாமல், மாதாமாதம் வெளியிடச் சொல்லுங்கள். அட்டைக்கு இவ்வளவு செலவழிக்கிறவர்களால் அதைச் செய்ய முடியும்.

#14 இரவுப்பணி

கடைசி வண்டி உங்கள் பட்டியலில் இல்லை. சேர்த்துவிடுங்கள். கடைசி ரயில் வந்து குறைந்தது 10 நிமிடம் கழித்துத்தான் கடைசிப் பேருந்து கிளம்ப வேண்டும், எல்லா நிலையங்களிலும்.

#15 பாதசாரி

சேர்த்துவிட்டேன், முதல் கோரிக்கையாக. கருத்துச் சொல்ல இந்த மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. வரைவுக் கடிதத்தை நாளை இங்கே போடுகிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.